வீட்டு வலைப்பின்னலுக்கு வேலி வந்த வரலாறு

பழந்தமிழர் வீடு கட்டிய முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. தெருவை நோக்கித் திண்ணை, உள்ளே கூடமும் அறையும், கொல்லைப்புறத்தில் தொழுவம். வழிப்போக்கன் திண்ணையில் படுத்துறங்கலாம். அவன் உள்ளறைக்கு வருவதில்லை. மாடு வீட்டுச் செல்வமே. ஆயினும் அதைக் கூடத்தில் கட்டுவதில்லை. இவ்வாறு பிரித்து வைத்தது பகையால் அன்று. அவரவர்க்கும் அததற்கும் உரிய இடம் இருந்தால்தான் வீடு ஒழுங்காக நடக்கும் என்னும் அறிவால் பிரித்து வைத்தனர்.

இன்றைய இல்லங்களில் கண்ணுக்குத் தெரியாத மற்றொரு வீடும் இருக்கிறது. அதுவே வைஃபை வலைப்பின்னல். தந்தையின் அலுவலகக் கணினி, தாயின் கைப்பேசி, பிள்ளைகளின் பாடக் கணினி, வாசலைக் காக்கும் காமிரா, தொலைக்காட்சி, விருந்தினரின் கைப்பேசி ஆகிய யாவும் அங்கே ஒரே கூடத்தில் அமர்ந்திருக்கின்றன. திண்ணையும் இல்லை, தொழுவமும் இல்லை. அந்தக் கூடத்தைப் பகுப்பதற்கு உதவும் முறைக்கு வீலேன் என்று பெயர். 'வர்ச்சுவல் லேன்' என்பதன் சுருக்கம் அது. மெய்ந்நிகர் உள்வலை எனத் தமிழிற் கூறலாம். ஒரே கம்பியும் ஒரே கருவியும் பல தனி வலைப்பின்னல்கள்போல நடந்துகொள்ளுமாறு செய்வது அதன் பணி.

இம்முறை வீட்டுக்காகத் தோன்றியதன்று. காவலுக்காகத் தோன்றியதும் அன்று. பின்னர் எதற்காகத் தோன்றிற்று? எவ்வாறு காவற்பணிக்கு வந்தது? எவ்வழியே வீட்டு வாசலை அடைந்தது? இவ்வினாக்களுக்கு விடை கண்டால், அதைப் பயன்படுத்தும் முறையும் அதன் எல்லையும் ஒருங்கே விளங்கும்.

காற்றில் பிறந்த பொதுக்கூடம்

இவ்வரலாறு பசிபிக் பெருங்கடலின் நடுவில் தொடங்குகிறது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கிளைகள் பல தீவுகளில் இருந்தன. அவற்றைத் தலைமைக் கணினியோடு இணைக்கப் பேராசிரியர் நார்மன் ஆப்ராம்சனும் அவர்தம் குழுவினரும் வானொலி அலைகளைக் கையாண்டனர். அலோஹா வலைப்பின்னல் எனப் பெயர் பெற்ற அவ்வமைப்பு 1971-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. அதன் விதி மிக எளியது: செய்தி அனுப்ப விரும்பும் நிலையம் உடனே அனுப்பலாம், இருவர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால், ஒவ்வொருவரும் வெவ்வேறு கால அளவு காத்திருந்து மீண்டும் அனுப்பவேண்டும். காற்று எல்லார்க்கும் பொது; வரிசை வகுக்கத் தலைவர் எவரும் இல்லை. அவ்வெளிமைக்கு ஒரு விலையும் உண்டு. அந்த வழியின் மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினெட்டுப் பங்குக்கு மேல் பயன் பெற இயலாது என்பது கணக்கிட்டு அறியப்பட்டது.

இக்கருத்தைக் கம்பிக்குக் கொணர்ந்தவர் ராபர்ட் மெட்காஃப். அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய அவர், 1973 மே 22-ஆம் நாள் எழுதிய குறிப்பொன்றில் தம் திட்டத்துக்கு ஈதர் என்னும் பெயரைச் சூட்டினார். ஒளி பரவுவதற்கு ஈதர் என்றொரு பொருள் எங்கும் நிறைந்திருக்கிறது எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிவியலார் எண்ணினர். அத்தகைய பொருள் இருப்பதற்கான சான்றை 1887-இல் மைக்கேல்சன், மார்லி ஆகிய இருவரும் செய்த ஆய்வு காணவில்லை. அறிவியல் கைவிட்ட அப்பெயர், எல்லாச் செய்திகளையும் எல்லார்க்கும் சுமந்து செல்லும் ஒரு தடித்த கம்பிக்குப் பொருத்தமாயிற்று. மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் அமைத்த முதல் ஈதர்நெட் நொடிக்கு 2.94 மெகாபிட் வேகத்தில் ஓடிற்று. 1980-இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் என்னும் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 10 மெகாபிட் வேகமுடைய விதியை வெளியிட்டன.

ஈண்டு ஒன்றைக் கருத்தில் இருத்தவேண்டும். அக்கம்பியில் ஒரு கணினி பேசினால் அதில் இணைந்த அனைத்துக் கணினிகளும் கேட்கும். தனக்குரிய முகவரி இருந்தால் எடுத்துக்கொள்ளும், இல்லையேல் விட்டுவிடும். விட்டுவிடுவது என்பது ஒழுக்கமே தவிரக் கட்டாயம் அன்று. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்க விரும்பும் கணினியைத் தடுக்கக் கம்பியில் ஏதும் இல்லை. ஓர் ஆய்வு நிலையத்தில் ஒருவரையொருவர் அறிந்த சிலருக்காகச் செய்யப்பட்ட அமைப்புக்கு அவ்வளவே போதுமானதாக இருந்தது.

கூட்டம் பெருகிய இடர்

கணினிகள் பெருகின, கூடம் நெரிந்தது. நெரிசலுக்குச் செய்தியின் அளவு மட்டும் காரணம் அன்று. பொது அறிவிப்புகளும் காரணமாயின. ஒரு கணினி மற்றொன்றோடு பேச விரும்பினால், "இந்த இணைய முகவரி உடையவர் யார்?" என்று முதலில் கூடத்திலுள்ள அனைவரையும் நோக்கிக் கேட்கும். டேவிட் பிளம்மர் என்பார் 1982-இல் வகுத்த ஏஆர்பி என்னும் முறை இது. இன்றும் வீடுதோறும் இம்முறை வழங்குகிறது.

தோட்டப்புறப் பள்ளிகளில் ஒரே மண்டபத்தில் பல வகுப்புகள் நடந்த காலத்தை ஆசிரியர் பலரும் அறிவர். நான்காம் வகுப்பாசிரியர் கேட்கும் வினா இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் செவியிலும் விழும். அப்பிள்ளை விடை கூறவேண்டியதில்லை. ஆயினும் ஒரு கணம் தலை நிமிர்ந்து பார்க்கும். பிள்ளைகள் இருபதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இருநூறு ஆனால் பாடம் நடவாது. ஈதர்நெட்டுக்கு நேர்ந்ததும் அதுவே.

கம்பிகளைத் துண்டுகளாக்கி, அவற்றிடையே பிரிட்ஜ் என்னும் பாலக் கருவியை வைப்பது முதல் தீர்வாக வந்தது. எந்தக் கணினி எப்பக்கம் இருக்கிறது என்பதைப் பாலம் தானே கற்றுக்கொள்ளும்; தேவையான செய்தியை மட்டும் கடத்தும். பாலங்கள் வட்டமாக அமைந்துவிட்டால் செய்தி முடிவின்றிச் சுழலுமே என்னும் இடரை, டிஜிட்டல் நிறுவனத்தில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் 1985-இல் தீர்த்துவைத்தார். பாலங்கள் தமக்குள் பேசி, சுழற்சியில்லா மரவடிவப் பாதை ஒன்றைத் தாமே தேர்ந்துகொள்ளும் முறையை அவர் அளித்தார். ஆயினும் பொது அறிவிப்பு மட்டும் எல்லாப் பாலங்களையும் கடந்து எங்கும் சென்றது. மரம் ஒன்றே ஆதலால், போக்குவரத்து அனைத்தும் அதன் அடிமரத்தில் நெரிந்தது.

வண்ணம் பெற்ற பொட்டலங்கள்

அந்நெரிசலைத் தீர்க்க முற்பட்டவருள் முதன்மையானவர் டேவிட் சின்கோஸ்கி. ஈதர்நெட் வழியாகக் குரலை அனுப்பும் ஆய்வில் ஈடுபட்டிருந்த அவர், பின்னர் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்குரிய பெல்கோர் ஆய்வகத்தில் சேர்ந்தார். அவருடைய நோக்கம் திருடனைத் தடுப்பதன்று. பல ஈதர்நெட்டுகளை இணைத்து, தொலைபேசிக்கு நிகரான பெரிய அமைப்பு ஒன்றைக் கட்டவேண்டும். ஒரு மரத்தின் அடியில் எல்லாம் நெரியக்கூடாது. அவ்வளவே அவர் வேண்டியது.

அவரும் சேஸ் காட்டன் என்பவரும் கண்ட வழி அழகியது. ஒரு மரத்துக்குப் பதிலாகப் பல மரங்கள் இருக்கட்டும். ஒவ்வொரு செய்திப் பொட்டலத்துக்கும் ஓர் அடையாளச் சீட்டு இருக்கட்டும். சீட்டுகளைச் சிவப்பு, பச்சை, நீலம் என வண்ணங்களாகக் கருதலாம். சிவப்புப் பொட்டலம் சிவப்பு மரத்தின் வழியே மட்டும் செல்லும். நீலம் நீலத்தின் வழியே. அடிப்படைக் கம்பி ஒன்றாயிருப்பினும் பாதைகள் பலவாகும். இக்கருத்தை விளக்கும் அவர்களுடைய கட்டுரை 1988-இல் வெளிவந்தது.

நெரிசலைத் தீர்க்கப் பிறந்த இக்கருத்தில் காவலின் விதை மறைந்திருந்தது. சிவப்பு வண்ணத்தார் எழுப்பும் பொது அறிவிப்பு நீல வண்ணத்தார்க்குக் கேளாது. கேளாதவனிடம் வழி கேட்க முடியாது. வழி அறியாமல் அவன் வீட்டுக்குச் செல்லவும் முடியாது. நெரிசலைப் போக்கப் போட்ட தடுப்பு, நாளடைவில் வேலியாயிற்று.

நான்கு பைட்டுச் சீட்டு

1990-ஆம் ஆண்டில், இந்திய வழித்தோன்றலான வினோத் பரத்வாஜ் என்பவர் இணைந்து நிறுவிய கல்பனா என்னும் அமெரிக்க நிறுவனம் ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஒவ்வொரு துளைக்கும் தனிப் பாதை அளிக்கும் பாலமே சுவிட்ச் எனலாம். அலுவலகங்கள் அதை விரும்பி வாங்கின. கணக்குப் பிரிவு ஒருபுறம், பணியாளர் பிரிவு மற்றொருபுறம் என ஒரே சுவிட்சைப் பகுக்கும் விருப்பம் எழுந்தது. விற்பனை நிறுவனங்கள் தத்தமக்குரிய சீட்டு முறைகளை வகுத்தன. ஒருவர் சீட்டை மற்றவர் கருவி அறியவில்லை.

இக்குழப்பத்தை முடித்துவைத்தது மின்பொறியாளர் சங்கமாகிய ஐ-ட்ரிபிள்-ஈ 1998-இல் வெளியிட்ட 802.1க்யூ என்னும் பொதுவிதி. அதன்படி ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பகுதியிலும் நான்கு பைட்டு அளவுள்ள சீட்டு செருகப்படும். அதன் 32 பிட்டுகளில் முதற்பாதி, "இது சீட்டுடைய பொட்டலம்" என்பதை அறிவிக்கும். எஞ்சியவற்றுள் 3 பிட்டுகள் செய்தியின் அவசரத்தைக் குறிப்பன. 12 பிட்டுகள் வலைப்பின்னலின் எண்ணைத் தாங்குவன. 12 பிட்டுகளால் 4096 எண்களை எழுதலாம். முதலும் இறுதியும் ஒதுக்கப்பட்டமையால் 4094 எண்கள் பயன்படும். பொட்டலத்தின் மிகுதியான நீளமும் 1518 பைட்டுகளிலிருந்து 1522 ஆக உயர்த்தப்பட்டது.

விதியின் நடைமுறை இருவகைத் துளைகளைக் கொண்டது. சாதாரணக் கணினி செருகப்படும் துளையில் சீட்டு இராது. சுவிட்ச் தானே சீட்டை ஒட்டும், வெளியே அனுப்பும்போது கிழித்துவிடும். ஒரு சுவிட்சை மற்றொன்றோடு இணைக்கும் துளையில் பல வலைப்பின்னல்களின் பொட்டலங்கள் சீட்டுடனேயே செல்லும். அதற்கு ட்ரங்க் என்று பெயர். தொடருந்துப் பாதை ஒன்றிலேயே பல ஊர்களுக்குரிய பெட்டிகள் செல்வதும், சந்திப்பில் அவை பிரிக்கப்படுவதும் போன்றது அது.

மீண்டும் காற்றுக்கு

காற்றில் தொடங்கிக் கம்பிக்கு வந்த கருத்து, மீண்டும் காற்றுக்குத் திரும்பிற்று. 1985-இல் அமெரிக்க அரசின் தகவல்தொடர்பு ஆணையம் சில அலைவரிசைகளை உரிமமின்றிப் பயன்படுத்த வழிவிட்டது. அவற்றுள் ஒன்றே மைக்ரோவேவ் அடுப்பும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ். 1997-இல் கம்பியில்லா வலைப்பின்னலுக்குரிய 802.11 விதி வெளிவந்தது. அதன் வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999-இல் 11 மெகாபிட் வேகமும், அதை விற்பதற்கு வைஃபை என்னும் பெயரும் வந்தன.

கம்பிக்காவது சுவர் உண்டு. காற்றுக்குச் சுவர் இல்லை. அடுத்த வீட்டாரும் தெருவில் நிற்பவரும் கேட்கலாம். ஆகவே முதல் விதியிலேயே வெப் என்னும் மறைகுறி முறை சேர்க்கப்பட்டது. ஃப்ளூரர், மாண்டின், ஷமீர் ஆகிய மூவர் 2001-இல் அதன் அடிப்படைக் குறையை வெளிப்படுத்தினர். 2003-இல் டபிள்யூபிஏ, 2004-இல் அதனினும் வலிய இரண்டாம் முறை, 2018-இல் மூன்றாம் முறை எனப் பூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

இப்பூட்டுகள் யாவும் வாசற் பூட்டுகள் என்பதை மறத்தலாகாது. வெளியாரை அவை தடுக்கும். கடவுச்சொல் பெற்று உள்ளே வந்தவரை அவை பிரிப்பதில்லை. பிரிப்பதற்கு வேறோர் உத்தி வேண்டியிருந்தது. ஒரே வைஃபைக் கருவி பல பெயர்களை அறிவித்து, பல கருவிகள்போலத் தோன்றும் உத்தி அது. ஒவ்வொரு பெயருக்கும் தனிக் கடவுச்சொல். ஒவ்வொரு பெயரும் ஒரு வீலேன் எண்ணோடு பிணைக்கப்படும். காற்றில் செல்லும் பொட்டலத்தில் பொதுவாக அந்த நான்கு பைட்டுச் சீட்டு இருப்பதில்லை. எந்தப் பெயரின் வழியே வந்தது என்பதைப் பார்த்து, வைஃபைக் கருவி கம்பியில் இறக்கும்போது சீட்டை ஒட்டுகிறது. காற்றில் பெயரும் மறைகுறியும் பிரிக்கும். கம்பியில் சீட்டு பிரிக்கும். கம்பியில்லா வீலேன் என்பதன் உட்பொருள் இதுவே.

வீட்டுக்குள் மறைந்து வந்த வேலி

அலுவலகங்களுக்கு உரியதாயிருந்த இம்முறை, வீட்டார் அறியாமலே வீட்டுக்குள் வந்துவிட்டது. 2002-இன் இறுதியில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி-54ஜி என்னும் நீலநிற ரவுட்டரை வெளியிட்டது. அதன் பின்புறத்தில் இணையத்துக்கு ஒன்றும் வீட்டுக் கணினிகளுக்கு நான்குமாக ஐந்து துளைகள் இருந்தன. பார்ப்பவர்க்கு அவை வெவ்வேறு கருவிகளாகத் தோன்றும். ஆனால் அவ்வரிசையின் பல பதிப்புகளில் அவை ஐந்தும் ஒரே சுவிட்சின் துளைகளே. இணையப் பக்கத்தையும் வீட்டுப் பக்கத்தையும் பிரித்து நிறுத்தியது வீலேன் எண்ணே. அக்கருவியில் லினக்ஸ் மென்பொருள் இருப்பது அறியப்பட்டு, அதன் மூலநிரல் 2003-இல் வெளியிடப்பட்டது. அதனடியாக 2004-இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் பொது முயற்சி எழுந்தது. எளிய வீட்டு ரவுட்டரையும் அலுவலகக் கருவிபோல ஆளும் உரிமை பொதுமக்களுக்குக் கிட்டிற்று.

மலேசியத் தமிழர் பலரும் தாம் அறியாமலே வீலேனைப் பயன்படுத்தியுள்ளனர். டெலிகோம் மலேசியா 2010 மார்ச்சில் யூனிஃபை சேவையைத் தொடங்கியபோது, இணையத்தையும் தொலைக்காட்சியையும் ஒரே ஒளியிழையில் அனுப்பிற்று. அவற்றைப் பிரித்தவை வீலேன் எண்கள்: இணையத்துக்கு 500; தொலைக்காட்சிக்கு 600. தாமே வேறு ரவுட்டர் வாங்கிப் பொருத்தியவர்கள் 500 என்னும் எண்ணை இடாதவரை இணையம் வராமல் திகைத்தனர். அந்த எண்ணின் பொருள் இப்போது விளங்கும். தொலைக்காட்சிப் படம் தடைப்படாதிருக்க, அதற்கெனத் தனிவண்ணப் பாதை வகுக்கப்பட்டிருந்தது. சின்கோஸ்கியின் பழைய நோக்கமும் இதற்கு அணித்தானதே.

விருந்தினர்க்கெனத் தனிப் பெயர் அளிக்கும் வசதியும் இக்காலத்தில் வீட்டுக் கருவிகளில் பரவிற்று. ஆப்பிள் நிறுவனம் 2009-இல் தன் ஏர்போர்ட் கருவியில் அதைச் சேர்த்தது. இவ்வாறு திண்ணை கட்டப்பட்டது. தொழுவத்தின் தேவை இன்னும் உணரப்படவில்லை.

பூட்டில்லாத் தொழுவம்

அதை உணர்த்திய ஆண்டு 2016. மிராய் என்னும் தீய மென்பொருள் இணையத்தில் உலவத் தொடங்கிற்று. அது கணினிகளைத் தேடவில்லை. காமிராக்களையும் காமிராப் பதிவுப் பெட்டிகளையும் ரவுட்டர்களையும் தேடிற்று. தொழிற்சாலையில் இட்ட பெயரையும் கடவுச்சொல்லையும் வீட்டார் மாற்றுவதில்லை என்பதே அதன் பலம். அறுபதுக்குச் சற்று மேற்பட்ட இணைகள் அடங்கிய ஒரு பட்டியலைக் கொண்டே அது எண்ணற்ற கருவிகளைக் கைப்பற்றிற்று. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அத்தகைய கருவிகளின் படை டைன் நிறுவனத்தைத் தாக்கியது. முகவரிப் பணி ஆற்றிவந்த அந்நிறுவனம் முடங்கியதால், ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெருந்தளங்கள் பல மணி நேரம் பலருக்குக் கிட்டாமற் போயின. வீட்டுக் காமிராக்கள் உலகச் சந்தியை மறித்து நின்ற காட்சி அது.

இதற்கு முன்பே, பிரிவு சரிவர இல்லாத வலைப்பின்னலின் விளைவை அமெரிக்கா கண்டிருந்தது. 2013-இன் இறுதியில் டார்கெட் என்னும் பேரங்காடி நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 4 கோடிக் கடனட்டை, பற்றட்டை எண்கள் திருடப்பட்டன. திருடர் நேரே கல்லாப் பெட்டிக்குச் செல்லவில்லை. குளிரூட்டும் கருவிகளைப் பராமரித்த ஒப்பந்தக்காரரின் கடவுச்சொல்லைப் பெற்று, அதன் வழியே உள்ளே நுழைந்தனர். பின்னர் உள்ளுக்குள்ளேயே நகர்ந்து கல்லாவை அடைந்தனர். கொல்லைக் கதவுக்கும் பணப்பெட்டிக்கும் இடையே போதிய தடுப்பு இல்லை.

2019 டிசம்பரில் அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறையின் போர்ட்லண்ட் அலுவலகம் வீட்டார்க்கு ஓர் அறிவுரை வழங்கிற்று. குளிர்சாதனப் பெட்டியும் மடிக்கணினியும் ஒரே வலைப்பின்னலில் இருத்தலாகாது என்பது அதன் சாரம். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020 அக்டோபரில் தொடங்கிய தரச்சீட்டுத் திட்டம், வைஃபை ரவுட்டர்களையும் வீட்டுக் கருவிகளை ஆளும் மையப் பெட்டிகளையுமே முதலிற் கருத்திற் கொண்டது. கருவி செய்வோர் தம் கடமையைச் செய்தாலும், பிரித்து வைக்கும் கடமை வீட்டாரையே சாரும்.

வீட்டைப் பகுக்கும் முறை

இனி, இவ்வரலாற்றின் பயனாக வீட்டில் செய்யத்தக்கது யாது? கருவியைத் தொடுமுன் தாளை எடுத்தல் நன்று. வீட்டிலுள்ள கருவிகள் அனைத்தையும் எழுதி, ஒவ்வொன்றும் எவற்றோடு பேசவேண்டும் என்று குறித்தால், மூன்று பிரிவுகள் தாமே தோன்றும். குடும்பத்தார் கணினிகளும் கைப்பேசிகளும் உள்வீடு. அதற்கு எண் 10. விருந்தினர் திண்ணை, அதற்கு எண் 20. காமிரா, தொலைக்காட்சி, விளக்கு முதலிய பொருள்கள் தொழுவம். அதற்கு எண் 30. எண்கள் எவையாயினும் குற்றமில்லை. நினைவிற்கு எளியனவாயிருத்தல் போதும்.

அடுத்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனி முகவரி வரிசை வேண்டும். உள்வலைகளின் பயனுக்கென 1996-இல் ஒதுக்கப்பட்ட முகவரிகளிலிருந்து, 192.168.10, 192.168.20, 192.168.30 என்று தொடங்கும் வரிசைகளை எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது எண்ணும் வீலேன் எண்ணும் ஒன்றாயிருந்தால் பின்னாளில் குழப்பம் நேராது. பின்னர் ரவுட்டரில் ஒவ்வொரு பிரிவுக்கும் டிஎச்சிபி என்னும் முகவரி வழங்கும் பணியை அமைக்கவேண்டும். வைஃபைக் கருவியில் மூன்று பெயர்களை உண்டாக்கி, உரிய எண்ணோடு பிணைக்கவேண்டும். ரவுட்டரும் வைஃபைக் கருவியும் தனித்தனியாக இருந்தால், அவற்றை இணைக்கும் துளையை ட்ரங்க் ஆக்கவேண்டும். இடையில் சுவிட்ச் இருக்குமாயின், அது வீலேன் அமைக்கும் வசதி உடையதாயிருத்தல் வேண்டும். வசதியற்ற மலிவுச் சுவிட்ச் சீட்டைப் பாராது பொட்டலங்களைக் கலந்துவிடும்.

இவ்வளவோடு பலர் நிறுத்திவிடுகின்றனர். முதன்மையான பணி இதற்குப் பின்னரே தொடங்குகிறது. வீலேன் பிரிக்கிறது, ஆனால் பிரிவுகளிடையே செய்தியைக் கடத்துவது ரவுட்டரின் இயல்பான தொழில். தடுக்கச் சொல்லாதவரை பல ரவுட்டர்கள் தொழுவத்துப் பொட்டலத்தையும் உள்வீட்டுக்குக் கடத்திவிடும். ஆகவே ஃபயர்வால் விதிகளை எழுதவேண்டும். உள்வீட்டார் தொழுவத்துக்குச் செல்லலாம். அவர்கள் தொடங்கிய உரையாடலுக்கு மறுமொழி திரும்பலாம். தொழுவம் தானாக உள்வீட்டுக்கு வரலாகாது. திண்ணையார் இணையத்துக்கு மட்டும் செல்லலாம். ஒருவரையொருவர் காணவும் வேண்டியதில்லை. ரவுட்டரை ஆளும் பக்கத்தை உள்வீட்டார் மட்டுமே திறக்கலாம். இவ்விதிகளை எழுதும்போது, முகவரி பெறும் பணியையும் டிஎன்எஸ் என்னும் பெயர் வினவும் பணியையும் சேர்த்துத் தடுத்துவிடுதல் பொதுவாக நேரும் பிழை. அவ்விரண்டையும் தடுத்தால் விருந்தினர்க்கு இணையமே கிட்டாது.

அமைத்தபின் சோதித்தல் வேண்டும். ஒரு கைப்பேசியைத் திண்ணைப் பெயரில் இணைத்து, அச்சுப்பொறியின் பக்கத்தையும் ரவுட்டரின் பக்கத்தையும் திறக்க முயலலாம். திறக்கவில்லையாயின் வேலி நிற்கிறது. திறந்துவிட்டால், பெயர் மட்டும் பிரிந்தது; வழி பிரியவில்லை.

வேலியின் எல்லை

எவ்வேலிக்கும் எல்லை உண்டு. முதலாவது, பெயர்களைப் பெருக்கினால் காற்று பெருகுவதில்லை. ஒவ்வொரு பெயரும் தன் இருப்பை நொடிக்கு ஏறத்தாழப் பத்து முறை, பெரும்பாலும் குறைந்த வேகத்தில் அறிவித்துக்கொண்டிருக்கும். பத்துப் பெயர்கள் வைத்தால் அறிவிப்பே காற்றின் பெரும்பங்கை உண்ணும். மூன்று அல்லது நான்கு போதும்.

இரண்டாவது, ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடிக்கும் கருவிகள் பிரிவினால் தடுமாறும். கைப்பேசியிலிருந்து தொலைக்காட்சிக்குப் படம் அனுப்புவதும் அச்சுப்பொறி தானே தோன்றுவதும், ஒரே கூடத்தில் எழும் அறிவிப்பை நம்பியவை. எம்டிஎன்எஸ் என்னும் அம்முறை 2013-இல் பொதுவிதியாக வெளியிடப்பட்டது. அது கூடத்தின் எல்லையைத் தாண்டாதவாறே வகுக்கப்பட்டது. அந்த அறிவிப்பை மட்டும் ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் சொல்லும் தூதுப் பணியைப் பல ரவுட்டர்களில் அமைக்கலாம். அது இயலாத வீட்டில், விருந்தினர்க்கும் பொருள்களுக்கும் தனித்தனிப் பெயர் வைப்பதற்குப் பதிலாக, ரவுட்டரிலேயே உள்ள விருந்தினர் வசதியில் இரண்டையும் சேர்ப்பதும் ஓரளவு பயன் தரும்.

மூன்றாவது, வேலி நோயைக் குணப்படுத்தாது. இணையத்துக்கு நேரே திறந்துவிடப்பட்ட காமிராவைப் பிரித்துவைத்தாலும் மிராய் போன்றது அதைப் பற்றக்கூடும். ஆயினும் பற்றிய தீ உள்வீட்டுக்குத் தாவாது. தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுதலும், மென்பொருளைப் புதுப்பித்தலும், தேவையற்ற வாசலை அடைத்தலும் வீலேன் உள்ள வீட்டுக்கும் கடமைகளே.

அலோஹாவின் காற்று முதல் வீட்டு வைஃபையின் காற்று வரை கடந்தது அரை நூற்றாண்டு. முதலில் அறிஞர்கள் எல்லாரையும் ஒன்றாக இணைக்க உழைத்தனர். இணைந்தபின் எவ்வாறு பிரிப்பது என்று ஆராய்ந்தனர். இரண்டும் முரணானவை அல்ல. கூடி வாழ்வதற்குக் கூடம் எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவுக்குத் திண்ணையும் தொழுவமும் வேண்டும்.

இவ்வுண்மை பள்ளிப் பிள்ளைகளுக்கும் எட்டவேண்டியதாகும். பல குடும்பங்களில் ரவுட்டரின் அமைப்பைத் திறந்து பார்க்கத் துணிபவர் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையே. கடவுச்சொல் யாருக்குத் தரவேண்டும், எந்தக் கருவி எதனோடு பேசலாம் என்று சிந்தித்து ஒரு தாளில் எழுதும் பழக்கத்தை ஆசிரியர்கள் அப்பிள்ளைக்கு ஊட்டினால், ஒரு பாடத்தோடு ஒரு வீட்டின் காவலையும் கற்பித்தவர் ஆவர். கருவிகள் மாறும், எண்களும் விதிகளும் மாறும். எவரை எவ்வளவு தொலைவு உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு மட்டும் எந்நாளும் வீட்டாரிடமே இருக்கும்.